பழவேற்காடு: நீரும் வலையும் நெசவும்

நமது பத்திரிகை நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் உரியது. இதில் மீனவர் குப்பங்களுக்கு என்ன இடம் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். மலாய் நாட்டில் ஆடவர் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குப் பெயர் ‘காயின் பெலிக்காட்’ என்பது. பெலிக்காட் என்பது நம் பழவேற்காடேயாகும். மலாய் மக்கள் தம் அன்றாட உடையை நமது கரையிலுள்ள ஒரு சிறிய ஊரின் பெயரால் நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். ஆனால் அவ்வூருக்கு இன்று செல்வோர் காண்பது மீன், இறால், நண்டு, படகுகள், ஓலைப் பெட்டி முடையும் பெண்கள் ஆகியவையே. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அங்குள்ள ஏரியின் இயல்பு யாது என்பதையும் அறிந்துகொள்வது கூட்டுறவாளருக்குப் பயன் தரும். அவ்வேரியின் இயல்பை அறியாமல் நானே ஒருமுறை பெரும் பிழை செய்தேன். அதனையும் இங்குக் கூறுவேன்.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஏரியின் தென்கோடியில் பழவேற்காடு அமைந்துள்ளது. பொன்னேரியிலிருந்து பேருந்தில் செல்வோர் நெல்வயல்களைக் கடந்து, பின்னர் உவர்நிலத்தைக் கடந்து, முடிவில் நீர்விளிம்பை அடைவர். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள பெரிய உப்பங்கழி ஏரி இதுவே. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தெற்குப் பகுதி மட்டுமே நம்முடையது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு ஒரு நீண்ட மணல் வரப்புப் போல் நின்று ஏரியை வங்கக் கடலினின்றும் பிரிக்கின்றது. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கியாறும், வடக்கே சுவர்ணமுகியின் கிளையும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

‘ஏரி’ என்றவுடன் நமக்குப் பாசன ஏரி நினைவுக்கு வரும். ஆழமான நீர், மதகு, கலங்கல், கரை என்று மனத்தில் ஒரு படம் எழும். பழவேற்காட்டு ஏரிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இதன் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டரேயாகும். பல இடங்களில் மனிதர் இடுப்பளவு நீரில் நடந்தே செல்லலாம். கோடையில் வடபகுதியில் பெரும்பரப்பு வறண்டு வெறும் சேற்றுத் தரையாகிவிடுகிறது. நம் ஏரிகளுக்கு மதகு எவ்வாறோ அவ்வாறு இவ்வேரிக்கு முகத்துவாரம். கடலுக்கும் ஏரிக்கும் இடையேயுள்ள அவ்வாயில் திறந்திருந்தால் ஏரி உயிரோடிருக்கும். மணல் தூர்ந்து அடைபட்டால் மூச்சுத் திணறும்.

இதன் ஆண்டுச் சுழற்சி கவனிக்கத் தக்கது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறுகளில் வெள்ளம் வரும்போது ஏரிநீர் ஏறத்தாழ நன்னீராகவே மாறிவிடும். வெள்ளத்தின் வேகம் முகத்துவாரத்து மணலைத் தள்ளிக்கொண்டு கடலிற் கலக்கும். தை, மாசியில் வெள்ளம் வடிந்து, கடல்நீர் ஓதத்தோடு உள்ளே ஏறி இறங்கும். அப்போது நீர் உவர்ப்பும் இனிப்பும் கலந்ததாக இருக்கும். சித்திரை, வைகாசியில் ஆற்றுநீர் வரவு நின்றுபோகும். கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் வாயிலைக் குறுக்கும். சில ஆண்டுகளில் முற்றிலும் அடைத்தும் விடும். வெயிலில் நீர் ஆவியாகி, உட்பகுதிகளில் கடலினும் மிகுந்த உவர்ப்பு ஏறும். ஆக, ஒரே ஏரி ஓராண்டிற்குள் ஆறாகவும் கடலாகவும் உப்பளமாகவும் வேடம் மாறுகிறது.

இறாலின் வாழ்க்கை இச்சுழற்சியோடு பின்னிப் பிணைந்துள்ளது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். மயிரிழை போன்ற அதன் குஞ்சுகள் ஓதநீரோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைந்து, ஆழமற்ற சேற்று நீரில் சில மாதங்கள் மேய்ந்து வளரும். வளர்ந்தவை மீண்டும் கடலுக்குத் திரும்பும். திரும்புங்கால் வற்றுநீரின் ஓட்டத்திலே அவற்றைப் பிடிப்பதுதான் குப்பங்களின் முக்கியத் தொழில். வாயில் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது. வளர்ந்தது வெளியேயும் போகாது. மடவை, கொடுவா, சேற்று நண்டு ஆகியவற்றிற்கும் இதுவே பெரும்பாலும் பொருந்தும். ஒரு சிறிய மணல்மேட்டின் இருப்பும் இன்மையும் பல்லாயிரம் மக்களின் உணவை நிர்ணயிக்கின்றன என்பது வெளியூரார்க்கு எளிதில் விளங்குவதில்லை.

எனக்கும் விளங்கவில்லை. பணியிற் சேர்ந்த புதிதில், ஏரிக்கரையிலுள்ள ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றேன். பேரேட்டைப் புரட்டியபோது, வலைக் கடன் பெற்ற அங்கத்தினருள் மிகப் பலர் பங்குனி முதல் ஆனி வரை தவணை செலுத்தாதிருப்பதைக் கண்டேன். தொடர்ந்து மூன்று தவணை தவறியோர்க்குப் புதுக்கடன் கூடாது என்பது விதி. பட்டதாரி என்ற செருக்கும் எனக்கு இருந்தது. விதியை எடுத்துக்காட்டி, பெயர்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, கண்டிப்பான குறிப்பு ஒன்றை எழுதிவிட்டு ஊர் திரும்பினேன். நிர்வாகக் குழுவினர் வாய்திறந்து ஏதோ கூற முயன்றனர். நான் செவிசாய்க்கவில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் சென்றேன். மழைக்கு முன் புது வலை வாங்கச் சங்கத்தில் கடன் கிடைக்காதவர்கள் இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தனர். முன்பணத்திற்கு அவர் வட்டி கேட்கவில்லை. பிடிக்கும் இறாலை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவ்விலை கரையில் பிறர் பெற்ற விலையினும் குறைவு. முன்பணம் தீரும் வரை இக்கட்டு நீங்காது. குறைந்த விலையில் முன்பணம் தீருவதும் இல்லை. முதியவர் ஒருவர் என் அருகில் வந்து, கோபமின்றியே கூறினார்: “ஐயா, தண்ணி இல்லாத மாசத்துல தவணை கேட்டீங்க. தண்ணி வந்த மாசத்துல எங்க கையில வலை இல்ல.” அன்று மாலை அவரோடு படகில் முகத்துவாரம் வரை சென்று பார்த்தேன். நிலநூலை நான் பள்ளியில் ஆறாண்டு படித்திருக்கிறேன்; இப்பாடத்தை அப்படகில்தான் படித்தேன்.

இவ்விடத்தில் ‘பாடு’ முறையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏரியின் தென்பகுதியில், நீரோட்டம் வலுவாகவுள்ள குறிப்பிட்ட இடங்களில் கழிகளை நட்டு வலை கட்டுவர். அவ்விடங்கள் எண்ணிக்கையில் குறைவு. வலை கட்ட விரும்புவோர் அதிகம். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்கள் தமக்குள் முறை வகுத்துக்கொண்டுள்ளன. ஊருக்கு ஊர் முறைவைத்து, ஊருக்குள் சீட்டுக் குலுக்கி, இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று ஒதுக்குவர். நல்ல இடம் இன்று ஒருவர்க்கு வாய்த்தால் அடுத்த முறை மற்றொருவர்க்கு வாய்க்கும். பணம் உள்ளவர் இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இவ்விதியை ஊர்ப் பஞ்சாயத்தே நடத்திவருகிறது. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1991ஆம் ஆண்டில் இம்முறையைப் பற்றித் தனியே ஓர் ஆய்வேட்டை வெளியிட்டது.

இலங்கையின் மேற்குக் கரையில், நீர்கொழும்புக் களப்பிலும் இத்தகைய முறை உண்டு. அங்குக் கட்டுவலைக்குக் ‘கட்டுதெல்’ என்று பெயர். மீனவர் சங்கங்கள் கூடிச் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கின்றன. 1958இல் அந்நாட்டு அரசு இவ்வழக்கத்தை விதிகளாக்கிச் சட்டத்தின் காவலுக்குள் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் வழக்கம் வழக்கமாகவே நிற்கிறது.

பாடு முறையைப் புகழ்வோர் பலர். நானும் அதனை மதிக்கிறேன். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் சொல்லாதிருத்தல் முறையாகாது. உள்ளிருப்போர்க்கு அது நியாயமானது. வெளியிலிருப்போர்க்கு அது அடைத்த கதவு. பாடு உரிமை பரம்பரையாகப் பட்டினவர் குடும்பங்களுக்கு உரியது. ஏரியை நம்பி வாழும் பட்டியல் சாதியினரும் பழங்குடி இருளரும் அதில் இல்லை. இருளர் பெண்கள் சேற்று நீரில் அமர்ந்து, ஓலைப் பறியைப் பல்லாற் கடித்துப் பிடித்தபடி, கைகளால் தடவியே இறால் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். படகும் இல்லை, வலையும் இல்லை. கடன் கேட்க ஈடும் இல்லை. கூட்டுறவின் முதற் கொள்கை கதவு திறந்திருத்தல் என்பதாகும். அங்கத்தினர் பட்டியலைப் பாடுப் பட்டியலின் நகலாக ஆக்கிவிடும் சங்கம் அக்கொள்கையைக் காப்பதாகச் சொல்ல இயலாது.

இனி வரலாற்றிற்கு வருவோம். பழைய வேல மரக் காடு என்பதே பழவேற்காடு ஆயிற்று என்பர். விஜயநகர அரசின் காலத்தில் இது முக்கியமான துறைமுகம். முஸ்லிம் வணிகரும் செட்டிகளும் இங்கிருந்து மலாக்காவுக்கும் பிற கீழ்த்திசை நாடுகளுக்கும் துணி ஏற்றினர். ஆழமற்ற ஏரி சிறு படகுகளுக்குப் புகலிடமாகவும், பெருங்கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கவும் வாய்ப்பாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் வந்து குடியேறினர். அவர்கள் நாட்டிய மாதா கோயில், புதுக்கட்டடமாக, இன்றும் வழிபாட்டிலுள்ளது.

அவர்களுக்குப் பின் டச்சுக்காரர். 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் அவர்களுக்கு வாணிப உரிமை அளித்தார். 1612இல் சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். 1613இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பி, தம் நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் கெல்டிரியா என்று பெயரிட்டனர். சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் 1690 வரை இதுவே. பின்னர் நாகப்பட்டினத்திற்கு மாறியது.

தொலைதேசத்தார் இச்சேற்றுக் கரையை விரும்பியது ஏன்? துணிக்காகவே. ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் மொலுக்கத் தீவுகளின் மக்கள் வெள்ளியைக் காட்டிலும் நம் நெசவுத் துணியையே விரும்பி ஏற்றனர். துணியின்றி வாசனைச் சரக்கு இல்லை. ஆகவே அந்நாளைய டச்சு அதிகாரி ஒருவர் சோழமண்டலக் கரையை மொலுக்கத் தீவுகளின் இடக்கைக்கு ஒப்பிட்டார். வெள்ளை நீளத்துணி, கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி, எழுத்து வேலை செய்த வண்ணத்துணி ஆகியவை மூட்டை மூட்டையாகச் சென்றன. செந்நிறத்திற்கு ஆதாரமான சாயவேர், கடலோர மணலில் விளையும் சிறு செடியின் வேர். பயிரிடும் அங்கத்தினர் இதனை நினைவிற்கொள்க: நம் கரையின் மணலும் அவ்வாணிபத்தில் ஒரு பங்காளி.

இத்துணி நெசவாளரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு நேராகச் செல்லவில்லை. நடுவே பெருவணிகர் இருந்தனர். டச்சு ஏடுகள் ‘மலையா’ என்று குறிக்கும் செட்டியார் ஒருவரும், அவருக்குப்பின் அவர் தம்பி சின்னண்ணாவும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கரையெங்கும் செல்வாக்கோடு விளங்கினர். கம்பெனி வணிகர்க்கு முன்பணம் தரும். வணிகர் தரகர்க்குத் தருவர். தரகர் ஊர் ஊராகச் சென்று நெசவாளர்க்குத் தருவர். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் டச்சுக்காரர், உள்ளூர் வணிகர்களைப் பங்குகள் போட்டு ஒன்றுசேரச் செய்து, கூட்டு மூலதனக் குழுக்களை ஏற்படுத்தினர். நட்டத்தைப் பலர் தலையில் பரப்புவதும் விலையைக் கட்டுப்படுத்துவதுமே நோக்கம். பின்னர் சென்னையில் ஆங்கிலேயரும் இதைப் பின்பற்றினர். பங்குமுதல் சேர்த்துத் தொழில் நடத்தும் வழி நம் கரைக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று. ஆனால் அப்பங்குப் பட்டியலில் தறியில் அமர்ந்தவர் பெயர் ஒன்றும் இல்லை.

அதனால் நெசவாளர் முற்றிலும் அடிமைகளாயிருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் செல்லும் வழக்குரிமை அவர்க்கு இருந்தது. கொடுத்தவர் ஒப்பந்தத்தைத் தம் விருப்பப்படி முறிக்க இயலாது. ஊரோடு எழுந்து வேறிடம் போய்விடுவதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சி வேரூன்றிய பின்பே, வேறெவர்க்கும் நெய்யக்கூடாதென்ற கட்டாயம் வந்து அவ்வுரிமை பறிபோயிற்று. இறால் வியாபாரியின் முன்பணத்தைக் கண்டபோது எனக்கு இச்செய்தியே நினைவுக்கு வந்தது. அக்கால நெசவாளர்க்கு வெளியேற ஒரு வழி திறந்திருந்தது. நான் சிவப்பு மையால் வட்டமிட்ட அங்கத்தினர்க்கு அவ்வழி இல்லை.

துணியோடு மனிதரையும் ஏற்றினர் என்பதை மறைத்தல் தகாது. 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், வயிற்றுக்கு இல்லாது தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்டோர் பல்லாயிரவர் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பத்தேவியாவிற்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். இன்று மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தைக் காண்போர், வாயிலில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களையும் அழகிய எழுத்துக்களையும் வியப்பர். கப்பலேறிய அம்மக்களுக்குக் கல் ஏதும் இல்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் வலுத்திருந்ததால் ஆங்கிலேயர் ஏரியின் வடபால் ஆர்மகான் என்ற இடத்தில் 1626 அளவில் பண்டகசாலை வைத்தனர். அங்கே நல்ல துணி போதிய அளவு கிடைக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே என்பவர் தெற்கே வேறிடம் தேடிச் சென்று, 1639இல் சென்னப்பட்டினத்தில் நிலம் பெற்றார். சென்னை மாநகரம் மலிவான நல்ல துணியைத் தேடிய முயற்சியிற் பிறந்தது என்றால் அது மிகையாகாது. அந்நகரம் வளர வளரப் பழவேற்காடு தேய்ந்தது. 1781இலும் 1795இலும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். 1818இல் டச்சுக்காரரிடம் திரும்பிய ஊர், 1825இல் உடன்படிக்கையின்படி முற்றிலும் ஆங்கிலேயருடையதாயிற்று. இன்று அகழியும் புதர் மண்டிய மேடும் மட்டுமே எஞ்சியுள்ளன.

துணி போனபின் ஏரியே மிஞ்சியது. பக்கிங்காம் கால்வாய் வழியாக விறகும் உப்பும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் நெடுங்காலம் சென்னைக்குச் சென்றன. லாரியும் இரயிலும் அவ்வாணிபத்தையும் பறித்தன. இதே மாவட்டத்துத் திரூரில்தான் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் வேளாண்மைக் கடன் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. திரூருக்கும் ஏரிக்கரைக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் நெல் அறுவடையை மனத்திற்கொண்டு வகுத்த தவணை முறை நீர்விளிம்பிலும் அப்படியே பொருந்திவிடும் என்று அதிகாரிகள் பலர் எண்ணினோம்.

இக்காலத்துக் கவலைகள் வேறு வகையின. 1971 முதல் ஸ்ரீஹரிகோட்டையில் இராக்கெட் ஏவப்படுகிறது. ஏவும் நாளில் அப்பகுதிக் கடலில் படகு செல்லலாகாது. நாட்டிற்குப் பெருமையான நாள் குப்பத்திற்கு வருவாயற்ற நாள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலோரக் குப்பங்களைத் தாக்கிற்று. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இலும், பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயற்படத் தொடங்கின. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர் அதனைத் தடுத்தால், சுவருக்குத் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரிக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பிற்கு விரிவாக்கும் திட்டம் வந்தபோது ஏரிக் குப்பத்தார் கடுமையாக எதிர்த்தமைக்கு இதுவே ஒரு பெருங்காரணம். பழவேற்காட்டு முகத்துவாரத்தையே நிலையாகத் திறந்துவைக்கக் கற்சுவர்கள் அமைக்கும் பணியையும் அரசு மேற்கொண்டது. வாயில் என்றும் திறந்திருப்பது நன்று என்பார் பெரும்பாலோர். என்றும் திறந்தால் உவர்ப்பு மாறி, இறால் வகையும் மாறிவிடுமோ என்று ஐயுறும் முதியோரும் உண்டு. இரு சாராரும் ஏரியை அறிந்தவர்களே.

நான் குறிப்பிட்ட சங்கம் இன்னும் நடைபெறுகிறது. அடுத்த ஆண்டே நிர்வாகக் குழுவினரோடு அமர்ந்து தவணைகளை மாற்றி அமைத்தோம். மழை முடிந்தபின் வரும் நல்ல மாதங்களில் பெருந்தொகை, கோடையில் பெயரளவிற்குச் சிறு தொகை என்று வகுத்தோம். முதலாண்டில் வசூல் நன்கிருந்தது. இரண்டாம் ஆண்டில் மழை பொய்த்து, வாயில் தாமதமாகத் திறந்ததால் மீண்டும் நிலுவை விழுந்தது. வியாபாரியின் முன்பணத்திலிருந்து சிலர் மீண்டனர், சிலர் மீளவில்லை. இருளர் குடும்பங்களைச் சேர்ப்பதில் பேச்சளவிற்கு மேல் முன்னேற்றம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நெசவாளர் சங்க நிர்வாகிகளும் இவ்வகையில் தத்தம் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பாவு தோய முடியாத அடைமழை மாதத்திலும் பண்டிகைக்கு முந்திய விற்பனை மாதத்திலும் ஒரே தொகையைத் தவணையாகக் கேட்கிறோமா? பயிரிடும் அங்கத்தினர்க்கு அறுவடைக்கு முன்னரே வாய்தா விழுகிறதா?

ஏரிக்கரைச் சங்கத்தின் எழுத்தர் தம் கடன் பேரேட்டில் இப்போது ‘முகத்துவாரம்’ என்று ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார். திறந்த நாளையும் அடைபட்ட நாளையும் அதில் குறிக்கிறார். அச்சடித்த படிவத்தில் அப்படி ஒரு பத்தி இல்லை. வருகிற தணிக்கையில் அதைக் குறித்து எழுத்து மூலம் விளக்கம் கேட்பார்கள். பதிலை நான் எழுதி வைத்திருக்கிறேன்.